வரப்பை எட்டாத எச்சரிக்கை

2020 ஜூன் 25 அன்று ஒரே நாளில் பீகாரில் 80க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி இறந்தனர். நடவுக்காலம் அது, சேற்றில் குனிந்து நின்றவர்கள் பலர். ‘மாவட்டம் முழுவதற்கும் மஞ்சள் எச்சரிக்கை விடுகிறார்கள், ஒரு தூறல்கூட இல்லை’ என்று வானிலைத் துறையைக் குறைசொல்வது எளிது. ஆனால் ஈரக்காற்று, மேலடுக்கின் குளிர்ச்சி, காற்றை மேலெழுப்பும் விசை ஆகிய மூன்றும் கூடிவரும் பரப்பைத்தான் முதல்நாளே கணிக்க முடியும். எந்த ஊர்மீது மேகம் திரளும் என்பது கடைசி ஓரிரு மணி நேரத்தில்தான் ரேடாரில் புலப்படும். முன்னது அன்றைய வேலையைத் திட்டமிட. பின்னது உடனே கரையேற.

அடிக்கடி எச்சரித்தால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்பதும் நியாயமான கவலையே. அதற்காக எச்சரிக்கையைக் குறைக்கக் கூடாது. வாய்ப்பு பத்தில் மூன்றா, எட்டா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி 20 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்கு மின்னல் எச்சரிக்கை தருகிறது. நாற்று நடுபவரின் கைப்பேசியோ வரப்பில், தூக்குவாளிக்குப் பக்கத்தில், துணிப்பைக்குள் கிடக்கிறது. ஊராட்சி ஒலிபெருக்கி அலற வேண்டும். கரையேறிய அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலியைப் பிடிக்கக் கூடாது.