தொடாத பாஸ்வேர்டு எப்படித் தப்பாகும்?

"பாஸ்வேர்டு தப்பாப் போடுறீங்க மேடம். மோடத்தை ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க."

சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்தும் ஓர் அம்மாவுக்குப் போன வாரம் கஸ்டமர் கேரில் கிடைத்த பதில் இது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்று புவனகிரியிலிருந்து பஸ் ஏறி வந்த பையன் சான்றிதழ் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மோடத்தின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். யூசர் நேம் இருக்கிறது. பாஸ்வேர்டு கட்டத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். இணைப்பு கொடுத்த அன்று கம்பெனி ஆளே தட்டிவிட்டுப் போனது அது. அதன்பின் ஒரு கை அதில் படவில்லை. காலையில் கடை திறந்தபோது அதே பாஸ்வேர்டில்தான் நெட் வந்தது. மதியம் கரண்ட் போய் வந்தபிறகு அதுவே தப்பு. பொழுது சாய்ந்ததும், யாரும் எதுவும் செய்யாமலே, மறுபடி சரி.

யாரும் தொடாத பாஸ்வேர்டு மத்தியானத்தில் மட்டும் எப்படித் தப்பாகும்?

இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. லாகின் ஆகவில்லை என்றால் கோளாறு நம் வீட்டில்தான் என்ற நம்பிக்கை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அண்ணாமலை நகர் வரைக்கும் வேரோடியிருக்கிறது. பொறியியல் படித்தவர்களும் அதையே சொல்கிறார்கள். "எதையாவது மாத்தியிருப்பீங்க" என்று நம்மையே குடைகிறார்கள். உள்ளே நடப்பது என்ன என்று அவர்களாவது பார்த்திருக்க வேண்டாமா?

நம் மோடம் அனுப்பும் பெயரும் பாஸ்வேர்டும் முதலில் கம்பெனியின் பிராஸ் என்ற கருவிக்குப் போகின்றன. அது தானாக முடிவெடுப்பதில்லை. ரேடியஸ் சர்வரைக் கேட்கிறது. இந்த ரேடியஸை 1991-இல் லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் உருவாக்கியது; 1997-இல் அது பொது நெறிமுறையாக வெளிவந்தது. பிராஸுக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு ரகசியச் சொல் உண்டு. பாஸ்வேர்டையே அனுப்பும் முறையில், அதை வைத்துத்தான் மறைத்து அனுப்புகிறார்கள். கூட்டம் தாங்க இரண்டு, மூன்று சர்வர்களை வைத்து முறைமாற்றிக் கேட்பதும் வழக்கம். அவற்றில் ஒன்றில் அந்த ரகசியச் சொல்லை ஓர் எழுத்து மாற்றி அடித்துவிட்டால் என்ன ஆகும்? நம் சரியான பாஸ்வேர்டு அங்கே குப்பை எழுத்துகளாக விரியும். லாகில் 'பாஸ்வேர்டு தவறு' என்று பதிவாகும். அடுத்த முறை நல்ல சர்வரிடம் போனால் கதவு திறக்கும். உலகம் முழுக்கப் பயன்படும் ஃப்ரீரேடியஸ் மென்பொருள், இப்படிக் குப்பை எழுத்து வந்தால் இரண்டு பக்கமும் ரகசியச் சொல்லைச் சரிபாருங்கள் என்று தானே எச்சரிக்கை எழுதிவைக்கிறது. மென்பொருளுக்குத் தோன்றும் சந்தேகம் கஸ்டமர் கேரில் பேசிய மனிதருக்குத் தோன்றவில்லை. அவர் கண்ணுக்குப் பட்டது 'தவறு' என்ற ஒரு சொல். அதை எடுத்துச் சிதம்பரத்து அம்மாவின் தலையில் போட்டார்.

இன்னொன்றும் நடக்கிறது. கரண்ட் திடீரென்று போனால் மோடம் விடைபெறாமல் அணைகிறது. செஷன் முடிந்தது என்ற செய்தியை பிராஸ் பிறகு சர்வருக்கு அனுப்ப வேண்டும். அது யுடிபி என்ற முறையில் போகிறது. போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் யுடிபிக்குக் கிடையாது. செய்தி தொலைந்தால், சர்வர் கணக்கில் நீங்கள் இன்னும் உள்ளேயே இருக்கிறீர்கள். ஒரு கணக்குக்கு ஒரு லாகின்தான் என்று வரம்பு வைத்திருந்தால், கரண்ட் வந்தபின் உங்களையே உள்ளே விடாது. பழைய விண்டோஸ் கணினியில் டயல் செய்தவர்களுக்கு இதுவும் 691 என்ற அதே எண்ணில்தான் தெரிந்திருக்கும்: பெயரோ பாஸ்வேர்டோ தவறு. ஆக, மோடத்தைப் பட்டென்று அணைத்துப் போடச் சொல்லும் புத்திமதியே அடுத்த மறுப்புக்கு வழி செய்யலாம். ஊருக்கே ஒரே நேரத்தில் கரண்ட் வரும்போது எல்லா மோடமும் ஒன்றாகக் கதவைத் தட்டும். சர்வர் திணறும், பதில் வராது. அதற்கும் பழி பாஸ்வேர்டு மேல்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் அருகே கரை கடந்த வட்டாரம் இது. கரண்ட் போவதும் வருவதும் கடலூருக்குப் புதிதா? அதற்குத் தயாராக ஒரு சர்வரை வைக்கத் தெரியாதவர் இந்த ஊரில் ஏன் கடை விரிக்கிறார்?

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், வந்துடுச்சே" என்பவர்களுக்கு: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. நீங்கள் அணைத்துப் போட்ட நேரத்தில் கேள்வி வேறு சர்வருக்குப் போனது, அல்லது பழைய செஷன் காலாவதியானது. அந்த அம்மா சாயங்காலம் மோடத்தைத் தொடவே இல்லை. அவருக்கும்தான் வந்தது.

ரேஷன் கடையிலும் இதே நியாயம்தான். கைரேகை பதியவில்லை என்றால் "கையைத் துடைச்சு வை பாட்டி" என்கிறார்கள். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரலைக் கொட்டையின் பால் அரித்துவிடுகிறது. அந்த விரலைப் படிக்கத் தெரியாதது இயந்திரம். வரிசையிலிருந்து ஒதுங்கி நிற்பது பாட்டி. வங்கியில் ஓடிபி வராவிட்டாலும் "உங்க போன்ல பாருங்க" என்பதுதான் முதல் வார்த்தை. தங்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இதில் பணமும் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிமுறை, பழுது மூன்று வேலை நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழிவு தரச் சொன்னது. விட்டுவிட்டு வரும் கோளாறு அந்தக் கணக்கில் எப்படிச் சேரும்? மாலையில் நெட் வந்ததும் புகாரை மூடிவிடுகிறார்கள். மறுநாள் மதியம் புது டாக்கெட், முதல் நாளிலிருந்து எண்ணிக்கை. அம்மாவின் செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தியை நானே படித்தேன்: புகார் தீர்க்கப்பட்டது, காரணம் வாடிக்கையாளர் தரப்பு பாஸ்வேர்டு பிழை.

இனி போன் செய்யும்போது பாஸ்வேர்டு பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். மறுப்பு வந்த நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு மூன்றைக் கேளுங்கள்: அந்த நிமிடம் எந்த சர்வர் மறுத்தது? என் பெயரில் பழைய செஷன் தொங்குகிறதா? அதே நேரத்தில் இந்த ஊரில் வேறு எத்தனை பேருக்கு மறுப்பு? லாகை சர்வர் வாரியாகப் பிரித்துப் பார்த்தாலே விடை தெரியும். பார்த்துச் சொல்லும் வரை டாக்கெட்டை மூட ஒப்புக்கொள்ளாதீர்கள்.