உயரம் இருந்தால் ஊர் எட்டும்!

வெனிசுலா நாட்டில் 2007-ம் ஆண்டு ஓர் அதிசயம் நடந்தது.

எர்மன்னோ பியெட்ரோசெமோலி என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும், இரண்டு மலைகளுக்கு இடையே கம்பி இல்லாமல் கணினித் தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

தூரம் எவ்வளவு? 382 கிலோமீட்டர்!

விலை உயர்ந்த கருவியா? இல்லை. வீட்டில் வைக்கும் சாதாரண வைபை பெட்டிதான்! அதோடு பெரிய கிண்ண ஆன்டெனாவைச் சேர்த்தார்கள். மலை உச்சி, கம்பத்தின் வேலையைச் செய்தது.

கண்ணி வலை

இன்று பல நாடுகளில் ஆர்வலர்கள் தங்கள் ஊருக்குத் தாங்களே 'மெஷ்' என்னும் கண்ணி வலை அமைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி. ஒன்று பெற்ற செய்தியை அடுத்ததற்குக் கொடுக்கும். ஒரு பெட்டி கெட்டாலும், செய்தி வேறு வழியாகப் போய்ச் சேரும்.

இமயமலை அடிவாரத்தில் உள்ள தர்மசாலாவில் 2005-ம் ஆண்டு இப்படி ஒரு வலை தொடங்கப்பட்டது. கம்பி இழுக்க முடியாத மலைச்சரிவில், பள்ளிகளுக்கு அது கைகொடுத்தது.

பணம் எங்கே வீணாகிறது?

"சக்தி மிகுந்த பெட்டி வாங்கினால் வெகுதூரம் எட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு!

உரக்கக் கத்துகிறவனுக்குக் காது கூர்மையாகிவிடாது. எதிர்ப்பக்கம் சொல்லும் பதிலும் கேட்க வேண்டுமே! நல்ல ஆன்டெனா வாயும் ஆகும், காதும் ஆகும்.

சட்டமும் உண்டு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம். ஆனால் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட் தாண்டக் கூடாது. பெரிய கிண்ணம் வைப்பவர், பெட்டியின் சக்தியைக் குறைத்தே ஆக வேண்டும். பிறகு சக்திக்கு ஏன் காசு?

எதை வாங்குவது?

முதல் செலவு உயரத்துக்கு. 10 கிலோமீட்டர் தூரமானால், பாதி வழியில் பார்வைக் கோட்டுக்குக் கீழே சுமார் 11 மீட்டர் வெற்றிடம் வேண்டும். அங்கே தென்னந்தோப்பு குறுக்கிட்டால் எந்தப் பெட்டியும் உதவாது.

அடுத்த செலவு ஆன்டெனாவுக்கு. பக்கத்து வீடுகளுக்குக் குச்சி ஆன்டெனா போதும். தூரத்து ஊருக்குத்தான் கிண்ணம். பெட்டியை ஆன்டெனாவுக்கு அருகிலேயே, மழை புகாதபடி வைக்க வேண்டும். ஆன்டெனாக் கம்பி நீண்டால் சக்தி வழியிலேயே கரையும். இடிதாங்கியும் அவசியம்.

கடைசிச் செலவுதான் பெட்டிக்கு. பழைய பெட்டியானாலும் சரி, அதன் மென்பொருளை மாற்ற முடிய வேண்டும். சாதாரணப் பெட்டி, பதிலுக்காகக் கண்சிமிட்டும் நேரம்கூடக் காத்திராது. தூரம் கூடினால் அந்தக் கெடுவை நீட்ட வேண்டும். ஆனால் நினைவகம் மிகக் குறைந்த பெட்டிக்குப் புதிய மென்பொருள் கிடைப்பதில்லை. மலிவு என்று அதை வாங்கி ஏமாறக் கூடாது.

ஒன்று சேருங்கள்!

பத்து வீட்டார் பத்து விலை உயர்ந்த பெட்டிகளை வாங்குவதைவிட, கூட்டாக ஓர் உயர்ந்த கம்பம் நடுவது மேல். கம்பம் ஒருவருடையது அல்ல, ஊருடையது.

ஆகவே, கடைக்குப் போகும் முன்பு மாடிப்படி ஏறுங்கள். எதிர் ஊர் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம்!