காலில் பந்து, கருத்தில் நாடு

"ஆடுகளத்திலே அரசியலைக் கொண்டு வராதீர்கள்" என்று அறிவுரை கூறுவோர் எல்லா நாட்டிலும் உண்டு, எல்லாக் காலத்திலும் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் அரசின் கொடியை ஏற்றுவார்கள், அது அரசியல் அல்ல. அமைச்சர் முன்வரிசையில் அமர்வார், அது அரசியல் அல்ல. வென்றவன் கழுத்திலே மாலையிட்டு, "பார், எமது ஆட்சியின் பெருமையை!" என்று பறைசாற்றுவார்கள், அதுவும் அரசியல் அல்ல. ஆனால் அடிமைப்பட்ட நாட்டிலே பிறந்த ஒருவன், "இந்தக் கொடி என் கொடி அல்லவே!" என்று கூறிவிட்டாலோ, "ஐயகோ, ஆட்டத்திலே அரசியல் புகுந்துவிட்டதே!" என்று அங்கலாய்ப்பார்கள்.

தோழர்களே! இந்த அங்கலாய்ப்புக்கு நாவால் அல்ல, காலால் விடையளித்த ஒருவனைப் பற்றி இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பேச விரும்புகிறேன். அவன் பெயர் ரசீத் மெக்லூஃபி. அல்ஜீரிய நாட்டான். கால்பந்தாட்டக்காரன். 2024 நவம்பர் 8-ஆம் நாள், 88-ஆம் வயதிலே மறைந்தான். நம் ஏடுகளிலே அவனுக்கு நாலு வரி இரங்கல் வந்திருந்தாலே அதிகம். ஆனால் கட்சிப் பணியாற்றும் ஒவ்வொருவரும் படித்துப் பயன்பெற வேண்டிய பாடம் அவன் வாழ்விலே இருக்கிறது.

1936-இல் செதிஃப் என்ற ஊரிலே பிறந்தான் மெக்லூஃபி. அல்ஜீரியாவைப் பிரெஞ்சு வல்லரசு 1830-இல் பிடித்தது. 'இது குடியேற்ற நாடு அல்ல, பிரான்சின் ஒரு பகுதியே' என்று சாதித்தது. பகுதி என்றார்கள், பங்கு தரவில்லை. குடிமக்கள் என்றார்கள், குரல் தரவில்லை. 1945 மே 8-ஆம் நாள், செருமனி சரணடைந்ததை உலகமே கொண்டாடிய அந்த நன்னாளிலே, செதிஃப் நகர மக்களும் ஊர்வலம் வந்தார்கள். இட்லர் வீழ்ந்தான், எங்களுக்கும் விடுதலை வேண்டும் என்றார்கள். அல்ஜீரியக் கொடியை உயர்த்தினார்கள். துப்பாக்கி பேசிற்று! கலவரம் மூண்டது, குடியேறிய ஐரோப்பியரிலும் நூறு பேர் அளவில் மாண்டனர். அதற்குப் பழி தீர்க்கப் புறப்பட்ட படை, ஊர் ஊராக உயிர் குடித்தது. மாண்ட அல்ஜீரியர் ஆயிரத்துச் சொச்சம் என்றது பிரெஞ்சு அரசு. 45,000 என்கிறது அல்ஜீரியா. அந்த நாளிலே மெக்லூஃபிக்கு வயது எட்டு.

எட்டு வயதுச் சிறுவன் எதைப் புரிந்துகொண்டிருப்பான் என்று கேட்காதீர்கள். சிறுவர்கள் விளக்கங்களை மறப்பார்கள், ஓசைகளை மறப்பதில்லை.

1954-இல், பதினெட்டு வயதிலே, பிரான்சின் சேந்த் எத்தியன் நகருக்கு வந்து சேர்ந்தான். நிலக்கரிச் சுரங்கங்களும் ஆயுதத் தொழிற்சாலையும் நிறைந்த பாட்டாளிகளின் பட்டணம் அது. அந்நகரின் கழகம் பச்சைச் சட்டை அணிந்து ஆடும். பயிற்சியாளர் ழான் ஸ்நெல்லா இந்த இளைஞனிடம் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் அல்ஜீரியாவிலே விடுதலைப் போர் வெடித்தது. அங்கே மலைகளிலே துப்பாக்கி முழக்கம், இங்கே மைதானத்திலே கைதட்டல் முழக்கம். இரண்டும் ஒரே இளைஞனின் இரு செவிகளிலே!

முன்னணியிலே நின்று கோல் அடிப்பவன் மட்டுமல்லன் அவன். பின்னே இறங்கிப் பந்தை வாங்கி, எதிரியின் கண்ணை ஒரு பக்கம் இழுத்துக் காலை மறுபக்கம் செலுத்தி, தோழனுக்கு வழி திறந்துவிடும் வித்தகன். 1957-இல் சேந்த் எத்தியன் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரெஞ்சு வாகையர் பட்டத்தை வென்றது, அவன் அதன் ஒளிவிளக்குகளில் ஒருவன். பிரான்சின் நீலச்சட்டை அணிந்து நான்கு நாட்டு ஆட்டங்கள் ஆடினான். பிரான்சு வென்ற 1957-ஆம் ஆண்டு இராணுவ உலகப் போட்டியிலும் பங்கு பெற்றான்.

அதே 1957-இல்தான் அல்ஜியர்ஸ் நகரின் சந்துகளிலே பிரெஞ்சுப் பாராசூட் படை வீடு வீடாகப் புகுந்தது. பிடிபட்டோருக்கு மின்சாரச் சித்திரவதை. இழுத்துச் செல்லப்பட்டோர் பலர் திரும்பவே இல்லை. மகனுக்குப் பரிசு, மண்ணுக்குச் சவுக்கடி! ஒரு கையால் அணைப்பு, மறு கையால் கழுத்து நெரிப்பு! ஆதிக்கம் எங்கும் இப்படித்தான். ஆயிரம் பேரை மிதிக்கும்போது ஒருவனைத் தோளிலே தூக்கிக் காட்டும். "எங்கே அடிமைத்தனம்? அதோ பாருங்கள் அவன் புகழை!" என்று வாதாடும். தோளிலே ஏற்றப்பட்டவன் குனிந்து பார்க்காதவரையில் அந்த வாதம் நடக்கும்.

மெக்லூஃபி குனிந்து பார்த்தான்.

1958 ஏப்ரல். அல்ஜீரியத் தேசிய விடுதலை முன்னணி ஒரு திட்டம் தீட்டியிருந்தது. பிரெஞ்சுக் கழகங்களிலே ஆடும் அல்ஜீரிய வீரர்கள் கமுக்கமாக வெளியேறித் துனிஸ் நகரிலே கூட வேண்டும், நாட்டின் பெயரால் ஓர் அணி அமைக்க வேண்டும். மெக்லூஃபி அப்போது ஆட்டத்திலே அடிபட்டு மருத்துவமனையிலே கிடந்தான். அவனைத் தேடி வந்தோர் இருவர், முக்தார் அரிபியும் அப்துல் அமீது கெர்மாலியும். இருவரும் செதிஃப் மண்ணின் மைந்தர்கள். மருத்துவமனையிலிருந்து நேரே எல்லை நோக்கிப் பயணம். சுவிட்சர்லாந்து, இத்தாலி, பிறகு துனிஸ். நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே கூறுகிறேன்: இப்படியொரு காட்சியை நான் கற்பனை செய்து மேடையேற்றியிருந்தால், "நம்பும்படியாக இல்லையே" என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்!

அவன் வெறும் ஆட்டக்காரனாக வெளியேறவில்லை என்பதையும் நினைவிலே வையுங்கள். அப்போது அவன் பிரெஞ்சுப் படையிலே கட்டாயச் சேவையில் இருந்தவன். பிடிபட்டால் படையை விட்டு ஓடியவன் என்ற குற்றம் வரும், சிறை வரும். வயதோ இருபத்தொன்று. அடுத்த இரண்டே மாதத்திலே சுவீடனில் உலகக் கோப்பை. மொனாக்கோ கழகத்திலிருந்து வெளியேறிய முஸ்தஃபா சிதூனியும் அவனும் அந்தப் பிரெஞ்சு அணியிலே இடம்பெற்றிருக்கக் கூடியவர்கள். அவர்கள் இல்லாமலே பிரான்சு மூன்றாம் இடம் பெற்றது, ழ்யூஸ்த் ஃபோன்தேன் 13 கோல் அடித்து உலகை வியக்க வைத்தார். அந்த மேடை, அந்த ஒளி, அந்த ஊதியம் அத்தனையையும் ஒரே இரவிலே உதறிவிட்டுப் போனவன் மெக்லூஃபி.

"யாரேனும் மிரட்டி அழைத்துப் போயிருப்பார்கள்" என்று ஐயுறுவோர் உண்டு. மிரட்டலுக்கு அஞ்சியவன் ஓரிரவு நடப்பான். நான்கு ஆண்டுகள் ஆடுவானா? அதுவும் பட்டமில்லாமல், கோப்பையில்லாமல், உலக அமைப்பின் ஒப்புதல்கூட இல்லாமல்!

ஆம், ஒப்புதல் இல்லை. உலகக் கால்பந்தாட்டத்தை ஆளும் ஃபிஃபா, அந்த அணியை அணியாகவே ஏற்கவில்லை. அதனோடு ஆடும் நாடுகளுக்குத் தண்டனை என்று மிரட்டிற்று. 'ஆட்டத்திலே அரசியல் கூடாது' என்ற அறிவுரையின் உண்மை உருவம் அதுதான்! ஆயினும் ஆடினார்கள். வட ஆப்பிரிக்காவிலே ஆடினார்கள், அரபு நாடுகளிலே ஆடினார்கள், கிழக்கு ஐரோப்பாவிலே ஆடினார்கள், சீனத்திலே ஆடினார்கள். 1961-இல் பெல்கிரேடு நகரிலே யூகோஸ்லாவியரை 6-1 என்று வீழ்த்தினார்கள். பிரெஞ்சுப் படையை 1954-இல் தியன் பியன் பூவிலே முறியடித்த வியட்நாமுக்கும் சென்றார்கள். ஹனோயிலே ஹோ சி மின் அவர்களை வரவேற்றார்.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனியுங்கள். அல்ஜீரியரின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது 1958 செப்டம்பரிலே. அணி பிறந்தது ஏப்ரலிலே! அரசு அமையுமுன்பே அணி அமைந்துவிட்டது. தலைநகர் கையில் இல்லை, நாணயம் இல்லை, எல்லை இல்லை. ஆனால் பதினொரு பேர் வரிசையாக நிற்கிறார்கள், அவர்களுக்கு மேலே ஒரு கொடி ஏறுகிறது, நாட்டுப்பண் ஒலிக்கிறது. பார்க்கும் பல்லாயிரவர், "ஓ, அல்ஜீரியா என்று ஒரு நாடு இருக்கிறது" என்று அறிகிறார்கள். பிரான்சிலோ, போரைப் பற்றிய செய்தியை ஒதுக்கிவிட்டு ஆட்டச் செய்தியை மட்டும் படித்துவந்த வீட்டுக்காரன், தன் விருப்பத்துக்குரிய வீரன் ஏன் போனான் என்று கேட்கத் தொடங்குகிறான். நூறு துண்டறிக்கை செய்யாத வேலையை ஒரு வெற்றிடம் செய்தது!

1962-இல் விடுதலை வந்தது. 132 ஆண்டு அடிமைத்தளை அறுந்தது. விடுதலை பெற்ற நாட்டிலே நாற்காலிகள் நிறையக் காலியாகும், தோழர்களே. தியாகத்தைக் காட்டி நாற்காலி தேடுவோரை நாம் பார்த்திருக்கிறோம். மெக்லூஃபி தேடியது நாற்காலியை அல்ல, பந்தை! முதலில் ஜெனீவாவின் செர்வெத் கழகத்திலே ஆடினான். அங்கே பயிற்சியாளர் அதே ஸ்நெல்லா. அதே 1962-இன் இறுதியிலே சேந்த் எத்தியன் மீண்டும் அழைத்தது.

போவதா? போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பிரான்சிலே மகனை இழந்த தாய்மார் இருக்கிறார்கள். வஞ்சம் தீர்க்கத் துடிக்கும் வெறியர் இருக்கிறார்கள். ஓடிப்போனவன், துரோகி என்றெல்லாம் ஏசப்பட்டவன் எந்த முகத்தோடு அந்த மைதானத்திலே இறங்குவான்? இறங்கினான். அவனே பின்னாளில் நினைவுகூர்ந்தபடி, முதலில் அரங்கம் முழுதும் அமைதி. பிறகு பந்து அவன் காலுக்கு வந்தது, பழைய வித்தை வெளிப்பட்டது, கைதட்டல் எழுந்தது. சுரங்கத் தொழிலாளியின் கரங்கள் எழுப்பிய ஓசை அது. எந்த வல்லரசும் ஆணையிட்டு எழுப்பியது அல்ல.

அல்ஜீரியப் போரிலே அந்தப் பாட்டாளிக்கு என்ன ஆதாயம் கிடைத்தது? மகனைப் படைக்கு அனுப்பினான், அவ்வளவுதான். ஆதிக்கத்தை எதிர்ப்பது வேறு, அந்நாட்டு மக்களை வெறுப்பது வேறு. முன்னது கொள்கை, பின்னது நோய். மெக்லூஃபி பிரெஞ்சு ஆட்சியைத் துறந்தான், பிரெஞ்சுத் தொழிலாளியைத் துறக்கவில்லை. அதனால்தான் திரும்பி வர அவனுக்கு வாயில் இருந்தது. மேடையிலே முழங்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிற தோழர்கள் சிலர் நம்மிலும் உண்டு. அவர்களுக்காகவே இதை இரண்டு முறை சொல்ல விரும்புகிறேன்: ஆதிக்கத்தை எதிர்ப்போம், மக்களை வெறுக்கமாட்டோம்.

இரண்டாம் பிரிவிலே வீழ்ந்து கிடந்த அந்தக் கழகம் 1963-இல் மேலேறியது. 1964, 1967, 1968 என மூன்று முறை பிரெஞ்சு வாகை சூடியது. இடையே விடுதலை பெற்ற அல்ஜீரியாவின் சட்டையையும் அவன் அணிந்தான். 1968 மே மாதம் பிரெஞ்சுக் கோப்பையின் இறுதியாட்டம். போர்தோ அணியை 2-1 என்று வென்றது சேந்த் எத்தியன். இரண்டு கோலும் மெக்லூஃபி அடித்தவை! கோப்பையை வழங்க நின்றவர் யார்? குடியரசுத் தலைவர் டிகால்! 1958-இலே, அல்ஜீரியச் சிக்கலால் பிரெஞ்சு அரசு ஆட்டங்கண்டபோது ஆட்சிக்கு வந்த அதே டிகால். பத்தாண்டுக்கு முன் படையை விட்டு வெளியேறியவன் எதிரே நிற்கிறான், படைத்தலைவர் கோப்பை தருகிறார். மன்னிப்புக் கேட்டு வாங்கியதல்ல அந்தக் கோப்பை. கொள்கையை விற்று வாங்கியதும் அல்ல.

பிறகு பயிற்சியாளன் ஆனான். 1982-இல் ஸ்பெயினிலே நடந்த உலகக் கோப்பைக்கு அல்ஜீரிய அணியை அழைத்துச் சென்றோர், மெக்லூஃபியும் மஹியத்தீன் காலெஃபும். முதல் ஆட்டத்திலே மேற்கு செருமனியை 2-1 என்று அல்ஜீரியா வீழ்த்தியது. ஆனால் பிரிவின் கடைசி ஆட்டத்திலே மேற்கு செருமனி 1-0 என்று வென்றால் அதுவும் ஆஸ்திரியாவும் மேலே செல்லும், அல்ஜீரியா வெளியேறும் என்ற நிலை. பத்தாம் நிமிடத்திலே ஒரு கோல் விழுந்தது, அதன்பின் இரு அணியும் பந்தை உருட்டிப் பொழுதைப் போக்கின. முறையீடு எடுபடவில்லை. ஆனால் நாணிய உலகம் விதியை மாற்றிற்று. 1986 முதல் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்திலே நடக்கின்றன. கொடி கிடைத்த அன்றே நீதி கிடைத்துவிடுவதில்லை, கொடி கிடைத்த பிறகும் ஆட வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோழர்களே! "நான் என்ன செய்ய முடியும்? பேசத் தெரியாது, எழுதத் தெரியாது" என்று தயங்கும் இளைஞர்களைக் கிளைதோறும் காண்கிறேன். மெக்லூஃபி எந்த மேடையிலே பேசிப் பெயர் பெற்றான்? எந்த நூல் எழுதி நாட்டை எழுப்பினான்? அவனுக்குத் தெரிந்தது பந்து. அதை நாட்டுக்குத் தந்தான். உனக்குத் தச்சு தெரியுமா, தறி தெரியுமா, கணக்கு தெரியுமா, பாட்டு தெரியுமா? அதுதான் உன் படைக்கலம். அதைக் கூர்மையாக வைத்திரு. கூர்மையற்ற தொழிலாளியின் தியாகத்தால் இயக்கத்துக்குப் பயன் குறைவு. மெக்லூஃபி சிறந்த ஆட்டக்காரனாக இருந்ததால்தான் அவன் வெளியேற்றம் ஒரு வல்லரசை உறுத்தியது.

நான்கு ஆண்டுகளில் அவன் இழந்தவற்றை எண்ணிப் பார்ப்போர் உண்டு. இத்தனை ஆட்டம், இத்தனை கோல், இத்தனை பணம் என்று. எண்ணட்டும். எட்டு வயதிலே செதிஃப் தெருவிலே கேட்ட ஓசைக்கு இருபத்தொரு வயதிலே விடை சொன்னானே, அதை எந்தக் கணக்கிலே எழுதுவார்கள்?