‘ரத்தம் கம்மி, அதான் மூச்சு வாங்குது’ - தலசீமியா உள்ளவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொரு பி.பி.!

மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சுமார் 40 கி.மீ. மதுரைக்கு என்றால் சுமார் 150 கி.மீ. தீவிர தலசீமியா உள்ள பிள்ளைக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். இப்படி ஓர் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய அலைச்சல்தான். ஆனால், அடிக்கடி ரத்தம் தேவைப்படாத ‘மிதமான’ தலசீமியா உள்ளவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதே குறைவு. சத்தமில்லாமல் வரும் ஒரு சிக்கலுக்கு அவர்களே அதிகம் ஆளாகிறார்கள். அதுதான் நுரையீரல் ரத்த அழுத்தம்.

இது வழக்கமான பி.பி. இல்லையா?

இல்லை. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் ஏறும் அழுத்தம் இது. சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அதிகம். கையில் பட்டை கட்டிப் பார்த்தால் தெரியாது. கவனிக்காமல் விட்டால் வலது இதயம் களைத்துப்போகும். கால் வீக்கம், மயக்கம் வரும்.

ரத்த நோயால் எப்படி வருகிறது?

தலசீமியா, சிக்கிள் செல் இரண்டிலும் சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைகின்றன. வெளியே சிதறும் ஹீமோகுளோபின், ரத்தக் குழாய்களைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் காலி செய்துவிடுகிறது. குழாய்கள் இறுகி, நாளடைவில் சுவர் தடிக்கிறது. மண்ணீரலை அகற்றியவர்களுக்கு ரத்தக் கட்டி ஆபத்தும் சேர்கிறது. முறையாக ரத்தம் ஏற்றினால் இந்தச் சேதம் குறையும். மிதமான வகையில் ஆபத்து கூடுவது இதனால்தான்.

எத்தனை பேருக்கு?

இத்தாலியில் 1,300-க்கும் மேற்பட்ட தலசீமியா நோயாளிகளிடம் நடந்து, 2014-ல் வெளியான ஆய்வில் சுமார் 2 சதவீதம் பேருக்கு இது உறுதியானது. சிக்கிள் செல் உள்ள பெரியவர்களில் சுமார் 6 முதல் 10 சதவீதம்.

என்ன செய்யலாம்?

வலை இழுப்பது, பாசி எடுப்பது என்று உடலுழைப்பே பிழைப்பான ஊரில், மூச்சு வாங்கினால் ‘வேலை அலுப்பு’ என்று விட்டுவிடுவோம். ரத்த நோய் உள்ளவர் அப்படி விடக் கூடாது. தலசீமியா உள்ள பெரியவர்கள் வழக்கமான பரிசோதனைகளோடு இதய எக்கோவையும் டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது. சிக்கிள் செல் உள்ளவர்கள் மூச்சு வாங்குதல் புதிதாகத் தொடங்கினாலோ கூடினாலோ தள்ளிப்போடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றே எக்கோவும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், ஒரு பயணம் மிச்சம்.

எக்கோ சொல்வது மதிப்பீடுதான். வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்தால்தான் உறுதியாகும். எனவே பதற்றம் வேண்டாம். கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். இந்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில்டெனாஃபில் மாத்திரையைச் சிக்கிள் செல் நோயாளிகளிடம் சோதித்தபோது கடும் வலி அதிகமானதால், 2009-ல் அந்த ஆய்வே பாதியில் நிறுத்தப்பட்டது.

அரசுத் திட்டம் இருக்கிறதா?

2023 ஜூலை 1-ல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் உண்டு. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. தலசீமியா, சிக்கிள் செல் இரண்டுமே 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் உள்ளன. நோய் இருப்பதைக் கண்டுபிடிப்பது முதல் படிதான். அதன்பிறகு இதயத்தையும் நுரையீரலையும் தொடர்ந்து கண்காணித்தால்தான் அந்தப் பரிசோதனைக்கே பலன்.