புற்றுமண்ணும் இரும்புச் சத்தும்

சங்கரன்கோவில் என்றவுடன் நம் மக்களுக்கு ஞாபகம் வருவது ஆடித்தபசும் புற்றுமண்ணுந்தான். சங்கரநாராயணர் கோவிலில் பிரசாதமாகக் கிடைக்கும் அம்மண்ணை நோய் தீருமென்று உடம்பில் பூசுவோரும் உண்டு. வாயில் போடுவோரும் உண்டு. பெரியவர்கள் தங்கள் வயிற்றுக்கு எதைச் செய்துகொண்டாலும் நாம் குறுக்கே நிற்கப்போவதில்லை. கைக்குழந்தையின் வாய்க்கு அது போகும்போதுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

மண் தின்னும் குழந்தையைக் கண்டால் டாக்டர் முதலில் அதன் கீழ் இமையைத் திருப்பிப் பார்ப்பார். வெளுத்திருந்தால் சோகையோ என்று சந்தேகிப்பார். மண்மேல் ஆசை எழுவதே பல சமயங்களில் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம். அந்த அடையாளத்தையே மருந்தாக்கிக்கொண்ட கெட்டிக்காரர்கள் நாம்!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையவர்கள். இதில் கண்ணேறு எங்கே, கிரகதோஷம் எங்கே? தாய் வயிற்றில் சேர்த்துவந்த இரும்பு சுமார் ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிறது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இன்னும் முன்னதாகவே தீரும். அதற்குமேல் தாய்ப்பாலில் உள்ளது போதாது. பசும்பாலிலோ அது மிகச் சொற்பம். கேழ்வரகு, கீரை, முட்டை, ஈரல் என்று ஊட்டாமல் பாலும் வெறுஞ்சோற்றுக் கஞ்சியுமாக வளர்த்தால், மூளை வளரும் காலத்தில் ஏற்படும் நஷ்டத்தைப் பின்னால் முழுவதும் ஈடுகட்ட முடியாமற் போகலாம்.

2018இல் ஏற்பட்ட மத்திய அரசுத் திட்டப்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சத்துச் சொட்டு மருந்து; அதில் இரும்பு 20 மில்லிகிராம். காசு கிடையாது. ஆனால் மருந்து குடித்த பிள்ளைக்கு மலம் கறுத்துப் போகிறது. உடனே பாட்டி பயந்து சீசாவைப் பரணில் ஏற்றிவிடுகிறாள். பாட்டியை நாம் குறைசொல்லமாட்டோம். மலம் கறுப்பது அம்மருந்தின் இயல்பு, பயமில்லை என்று அவளிடம் முன்கூட்டிச் சொல்லாதவர்களைத்தான் சொல்லுவோம். சீசா பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது, அளவு மீறினால் விஷம், காய்ச்சல் நாளில் நிறுத்தவேண்டும் என்பவற்றையும் சீசா கொடுக்கும்போதே சொல்லவேண்டாமா?

அடுத்த ஆடித்தபசுக்கு வரும் கூட்டத்தில் கைக்குழந்தைகளுக்குக் குறைவிருக்காது. ரதவீதியில் ஒரு பந்தல் போட்டு, இரண்டு செவிலியரை உட்காரவைத்து, இமையைப் பார்த்து, மலம் கறுக்கும் சங்கதியை வாய்விட்டுச் சொல்லி மருந்து கொடுக்கும்படி தென்காசி மாவட்ட சுகாதார அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.