கடையின் பெயரும் கம்பனியின் பெயரும்

உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் மாணவி ஒருவரிடம் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தயாரிக்கச் சொன்னால் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார். சமர்ப்பிக்கப்படாத காசோலை எது, நேரடி வைப்பு எது, நிலையியற் கட்டளை எது, வங்கிக் கட்டணம் எது என்று ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் வைத்து மீதியைச் சரிக்கட்டுவார். அதே மாணவியின் கையில் அவருடைய உம்மாவின் உண்மையான வங்கிக் கூற்றைக் கொடுத்து, "இந்த வரியில் இருப்பது எந்தக் கடை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வரும்.

கற்பனை வியாபாரி ஒருவரின் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு நம் வீட்டுக் கணக்கை வாசிக்கத் தெரியவில்லை. பல வருடங்களாகக் கணக்கீடு கற்பிக்கும் எனக்கு இது பரீட்சைக்கு அப்பாற்பட்ட ஒரு பெரிய இடைவெளியாகத் தெரிகிறது. இந்த இடைவெளியில் பணம் மட்டும் தொலைவதில்லை. சில வேளைகளில் ஒரு பிள்ளையின் நல்ல பெயரும் தொலைகிறது.

தீவகக் கல்வி வலயத்தில் நான் கற்பித்த காலத்தில் என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் ஓய்வுபெற்றுப் புளியங்கூடலில் வசிக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். தங்கையின் பேத்தி ஒருத்தி அவருக்குத் துணையாக இருக்கிறாள். பண்ணைப் பாலத்தால் பஸ்ஸேறி யாழ்ப்பாணம் போய் மருந்தும் மாச்சாமானும் வாங்கி வருவது அவள்தான். முழங்கால் வலியால் ரீச்சர் தன் வங்கி அட்டையையும் அவளிடமே கொடுத்தனுப்புவார். அட்டையை வேறொருவரிடம் கொடுக்க வேண்டாம் என்றுதான் வங்கிகள் சொல்கின்றன. அது சரியான அறிவுரைதான். ஆனால் நடக்க இயலாத முதியவர் தனியே இருக்கும் வீடுகளில் நடப்பது வேறு.

ஒரு மாதக் கூற்றில் 6,847 ரூபா 50 சதம் என்று ஒரு பற்று விழுந்திருந்தது. பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு கம்பனியின் பெயரும் "கொழும்பு" என்ற ஊர்ப்பெயரும் இருந்தன. "பிள்ளை, இப்பிடியொரு கடையை நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. கொழும்புக்குப் போயே ஏழு வருசம்" என்றார் ரீச்சர். வெளிநாட்டிலிருந்த மகனுக்கு உடனே விளங்கிவிட்டது. அட்டை யார் கையில் இருந்ததோ அவள்தான் இணையத்தில் எதையோ வாங்கியிருக்க வேண்டும். அன்றே அட்டை அலுமாரிக்குள் போனது. அவள் கடைக்குப் போவதும் நின்றது. ஒன்பது நாள் அந்த வீட்டில் சரியான பேச்சில்லை.

நான் போனபோது அவளிடம் பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். உள்ளே போய் எடுத்து வந்தாள். யாழ்ப்பாணத்தில் அவள் வழமையாகச் சாமான் வாங்கும் பெரிய கடையின் பில். மேலே நமக்கெல்லாம் தெரிந்த கடைப்பெயர். அடியில் சின்ன எழுத்தில் கம்பனியின் பெயர், கூற்றில் இருந்த அதே பெயர். தொகை சதம்வரை சரி. இடையில் போயா விடுமுறை வந்ததால் திகதி மட்டும் இரண்டு நாள் தள்ளியிருந்தது. அரிசி மா, பால்மா, சவர்க்காரம், ரீச்சரின் சர்க்கரையில்லாத பிஸ்கட் எல்லாம் அந்தப் பில்லில் இருந்தன. "கேட்டிருந்தா அண்டைக்கே காட்டியிருப்பன். ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்ல" என்றாள் அவள்.

பெயர் குறிப்பிடாமல் இதை எழுத அவர்கள் இருவரும் சம்மதித்தார்கள். எழுதக் காரணம், இது ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் விடயமல்ல என்பதுதான்.

ஒரு கடையின் பெயர் வங்கிக் கூற்றில் எப்படி வந்து சேர்கிறது? கடைக்காரர் அட்டை இயந்திரம் கேட்டு வங்கியில் விண்ணப்பிக்கும்போது ஒரு பெயரைப் பதிகிறார். நாம் அட்டையைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர் தொகையோடு சேர்ந்து நம் வங்கிக்குப் போகிறது. அட்டை வலையமைப்புகளின் வழமையான அமைப்பில் கடையின் பெயருக்கு 25 எழுத்திடங்கள், ஊருக்கு 13, நாட்டுக்கு 2, ஆக மொத்தம் 40 இடங்கள்தான் உண்டு. அதற்குள் வியாபாரப் பெயரும் வரலாம், சட்டப்படி பதிந்த கம்பனிப் பெயரும் வரலாம். ஊர் என்ற இடத்தில் கிளை இருக்கும் ஊரும் வரலாம், தலைமை அலுவலகம் இருக்கும் ஊரும் வரலாம். யாழ்ப்பாணத்தில் வாங்கிய பால்மா கொழும்பில் வாங்கியதாகத் தோன்றுவது இப்படித்தான்.

நம் நாட்டிலேயே இரண்டு பெயர்களோடு இயங்கும் கடைகள் பல. கீல்ஸ் சுப்பர்மார்க்கெட்டுகளை நடத்தும் கம்பனியின் பெயர் ஜேகே மார்க்கெட்டிங் சேர்விசஸ். ஆப்பிகோ சுப்பர்சென்டர்களை நடத்துவது ரிச்சர்ட் பீரிஸ் டிஸ்ரிபியூட்டர்ஸ். குளோமார்க் கடைகள் சொஃப்ட்லொஜிக் சுப்பர்மார்க்கெட்ஸ் கம்பனியுடையவை. பீட்சா ஹட் உணவகங்களுக்குப் பின்னால் இருப்பது கமா பீட்சாகிராஃப்ட் லங்கா. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, சட்டப்படியான பதிவுதான். ஆனால் வாசலில் ஒரு பெயரைப் பார்த்து உள்ளே போன ஒரு தாய், கூற்றில் இன்னொரு பெயரைக் கண்டால் எப்படி இரண்டையும் பொருத்துவார்? ஜேகே மார்க்கெட்டிங் சேர்விசஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் இடைவெளிகளோடு சரியாக 25 இடம் பிடிக்கும். "கீல்ஸ்" என்று சேர்க்க ஓரிடமும் மிஞ்சாது. ரிச்சர்ட் பீரிஸ் டிஸ்ரிபியூட்டர்ஸ் 27 இடம் கேட்கும். கடைசி இரண்டு எழுத்தும் வெட்டுப்படும்.

இணையக் கொள்வனவில் சிக்கல் இன்னும் கூடும். கடைக்கும் நமக்கும் இடையில் பணத்தை வாங்கிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று நிற்கும். கூற்றில் அதன் பெயர் முன்னால் வரும், கடையின் பெயர் பின்னால் ஒடுங்கி நிற்கும். தொலைபேசிச் செயலிக்கு மாதாமாதம் கட்டும் சந்தா கடையின் பெயரிலன்றி ஆப்பிள் அல்லது கூகுள் பெயரில் வரும். அது டொலரில் அறவிடப்பட்டால் ரூபாவில் மாதாமாதம் வேறு வேறு தொகையாகத் தெரியும். இலவசம் என்று தொடங்கிய பரீட்சார்த்தக் காலம் முடிந்து பணம் கழிபடத் தொடங்கியிருப்பதும் பலருக்குக் கூற்றில்தான் தெரியவரும்.

ஆகவே அறியாத பெயர் என்பது களவுக்கான சாட்சியம் அல்ல. அது வாசிக்கப்படாத ஒரு பெயர், அவ்வளவுதான். வாசிக்கும் முறையும் கடினமானதல்ல. முதலில் தொகையைப் பிடியுங்கள். பெயர் மாறலாம், திகதி தள்ளலாம். ஆனால் உள்ளூர்க் கடையில் ரூபாவில் வாங்கியதென்றால் சதத்தோடு கூடிய தொகை மாறுவதில்லை. அடுத்து, கூற்றிலுள்ள திகதிக்கு முந்திய மூன்று நான்கு நாட்களைப் பாருங்கள். கடையில் அட்டையைத் தட்டிய நாளும் வங்கி கணக்கில் பதிந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வார இறுதியும் போயாவும் இடையில் வந்தால் தூரம் கூடும். பிறகு பில்லின் தலையையும் அடியையும் வாசியுங்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் கம்பனிகள் தம் பெயரைத் தம் ஆவணங்களில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது. அதனால் இரண்டு பெயர்களும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் அந்தச் சிறு கடதாசிதான். பில் இல்லையென்றால் தொலைபேசியில் வந்த குறுந்தகவலைத் தேடலாம். கம்பனிப் பெயரை இணையத்தில் தேடினாலே பல வேளை கடையின் பெயர் வந்துவிடும். அட்டையைப் பயன்படுத்திய வீட்டாரைக் கேட்பதும் இந்தத் தேடலின் ஒரு படிதான். ஆனால் கேட்பது வேறு, குற்றஞ்சாட்டுவது வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் பொருந்தவில்லையென்றால் தாமதிக்கக் கூடாது. அட்டை இலக்கங்களைத் திருடுபவர்கள் முதலில் சிறு தொகை ஒன்றை எடுத்து அட்டை வேலை செய்கிறதா என்று பார்ப்பதுண்டு. நூறு ரூபாதானே என்று விட்டால் அடுத்தது பெரிதாக வரும். அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து அதற்கான இலக்கத்தைப் பெறுங்கள். "உங்கள் கணக்கில் சந்தேகமான பற்று இருக்கிறது" என்று யாராவது தாமாக அழைத்து இரகசிய இலக்கம் கேட்டால் அவர்தான் சந்தேகத்துக்குரியவர். வங்கி தீர்வு தராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1935. நிதியியல் நுகர்வோரைப் பாதுகாக்கும் ஒழுங்குவிதிகளும் 2023இல் வெளியாகியுள்ளன. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதித்தபடி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத மோசடியை வங்கியின் அறிவித்தல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் முறையிட்டால் வாடிக்கையாளர் எந்த இழப்பையும் சுமக்க வேண்டியதில்லை. எங்கும் பொதுவான பாடம் ஒன்றுதான்: கூற்றை உரிய நேரத்தில் வாசித்தவருக்கே பாதுகாப்பு.

மறுபக்கமும் உண்டு. வாசிக்காமல் முறையிடுவதால் நியாயமான கடைக்காரர் பாதிக்கப்படுகிறார். விற்ற பொருளும் போய், பணமும் திரும்ப எடுக்கப்பட்டு, அதற்கான கட்டணத்தையும் அவர் செலுத்த நேரலாம். நம் சமூகத்தில் வியாபாரக் குடும்பங்கள் எத்தனை! நம் வாப்பாவின் கடைக்கு இது நடந்தால் நாம் பொறுப்போமா?

பொறுப்பு முழுவதையும் வாடிக்கையாளரின் தலையில் வைப்பது என் நோக்கமல்ல. வாசற்பலகையில் உள்ள பெயரையும் கிளை இருக்கும் ஊரையும் கூற்றில் வரச் செய்வது கடைக்காரருக்குப் பெரிய செலவில்லை. இயந்திரம் கொடுக்கும் வங்கி அதைக் கேட்டு வாங்கலாம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஏ.ரி.எம். இயந்திரம் தமிழில் பேசுகிறது. ஆனால் என் கையில் கிடைத்த கூற்றுகளெல்லாம் ஆங்கிலத்தில்தான். புளியங்கூடல் போன்ற ஊர்களில் ஓய்வூதியத்தையும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் நம்பி வாழும் முதியவர்களுக்கு அந்த ஆங்கில வரிகள் யாரோ வாசித்துச் சொல்ல வேண்டிய கடிதம். ஊர்க்கடையின் கடன் கொப்பியில் இந்தத் தொல்லை இல்லை. எழுதியவர் யார், வாங்கியவர் யார், என்ன சாமான் என்பது இருவருக்கும் தெரியும். அந்தத் தெளிவைத்தான் வங்கிகளிடமும் கேட்கிறோம்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகறா 282ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது என்பதை நம் மாணவிகள் அறிவார்கள். சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும்படி சூறா அல்ஹுஜுராத் கூறுவதையும் அறிவார்கள். நன்றாக எழுதப்பட்ட கணக்கு, பிறர்மேல் எழும் சந்தேகத்துக்கு இடம் தருவதில்லை. இரண்டு கட்டளைகளுக்கும் உள்ள இந்த உறவை வகுப்பறைக்கு வெளியே நாம் போதிய அளவு யோசிக்கவில்லை.

சந்தேகம் எழுந்தால் அது யார்மேல் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். சம்பாதிப்பவர்மேல் விழுவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்மேல் விழுவதில்லை. ஏவிய வேலைக்குப் போய்வரும் பிள்ளைமேல், வீட்டு வேலைக்கு வரும் பெண்மேல், அண்டி வாழும் உறவின்மேல் விழுகிறது. திருப்பிக் கேட்க முடியாதவர்கள் அவர்கள். "நான் எடுக்கவில்லை" என்பதைத் தவிர அவர்களிடம் வேறு ஆதாரமும் இருப்பதில்லை. பணம் திரும்பிவிடலாம். அப்படிப் பார்க்கப்பட்ட பார்வையை யாராலும் திருப்பியெடுக்க முடியாது.

ஆகவே கணக்கீடு படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில் உம்மாவோடும் வாப்பாவோடும் இருந்து அவர்களின் கூற்றை வரிவரியாக வாசியுங்கள். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: கூற்றில் உள்ள பெயர், நாம் அறிந்த கடைப்பெயர், வாங்கிய பொருள். மூன்று மாதம் எழுதினால் உங்கள் வீடு பணம் கொடுக்கும் பெரும்பாலான கடைகளின் இரண்டு பெயர்களும் அந்தக் கொப்பியில் இருக்கும். பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் முதியவருக்கும் அதை வாசித்துச் சொல்லுங்கள். பில்களை ஒரு பெட்டியில் போட்டுவைக்க எல்லோரையும் பழக்குங்கள். அறியாத பெயர் ஒன்று வந்தால் முதலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். ஆளைத் தேடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.