முகமூடிக் கருவி மட்டும் போதாது!

திருச்சுழி வட்டாரத்தில் சீமைக் கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் தொழிலாளிக்கு முள் குத்துவது அன்றாட விஷயம். சீழ் பிடித்தாலும் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடிவதில்லை. குளிர் காய்ச்சல் கண்டு, மூச்சிரைத்து, புத்தி தடுமாறிய பிறகே அருப்புக்கோட்டைக்குத் தூக்கி வருகிறார்கள். தொற்றின் விளைவாக உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் இந்நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். 2017-ல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் இதனால் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூச்சுத் திணறுகிறவருக்கு முகமூடி மாட்டி, அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் ‘பைபாப்’ கருவி இன்று பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. நாள்பட்ட சுவாச நோய் முற்றியவருக்கும், இருதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் அது உயிர் காக்கும் கருவி. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் செப்சிஸ் நோயாளியின் நிலை வேறு. மார்புக்குள் காற்றழுத்தம் கூடினால், ஏற்கெனவே தாழ்ந்த ரத்த அழுத்தம் மேலும் சரியக்கூடும். நினைவு மங்கியவர் வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, நோயாளி தேறுவதாகத் தோன்றி, தொண்டையில் குழாயிட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டிய வேளை தவறிப்போவதே.

கடுமையான ஆக்சிஜன் குறைவுற்ற 310 நோயாளிகளைக் கொண்டு பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஆய்வு 2015-ல் வெளியாயிற்று. பெரும்பாலோர் நிமோனியா கண்டவர்கள். முகமூடிச் சிகிச்சை பெற்றவர்களில் 28 சதவீதம் பேர் 90 நாட்களுக்குள் இறந்தனர். மூக்குக் குழாய் வழியே அதிவேக ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 12 சதவீதம். செப்சிஸ் பற்றிய 2021-ம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதலும், சான்று வலுவாக இல்லை என்று கூறியபோதிலும், முகமூடியைவிட அதிவேக ஆக்சிஜனையே சிபாரிசு செய்கிறது.

டாக்டர்களைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. குழாயிடப் பழகிய டாக்டரும், இரவு முழுவதும் கண்காணிக்க நர்ஸும் இல்லாத இடத்தில் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? விருதுநகரில் 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. மதுரை சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் முகமூடியோடு இரவெல்லாம் காத்திருந்து, விடிந்த பின் அனுப்பினால் அந்த ஆஸ்பத்திரிகளால் என்ன பயன்?

ஆகவே, செப்சிஸ் என்று சந்தேகம் எழுந்தவுடன் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். ரத்த அழுத்தம் சரிந்தவருக்கு 1 மணி நேரத்துக்குள் அது ஏற வேண்டும். முகமூடி மாட்டியவரை 1 மணி நேரத்தில் மறுபடி சோதித்து, தேறாவிட்டால் குழாயிட வேண்டும் அல்லது உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். இதற்கான டாக்டர்களையும் நர்ஸ்களையும் வட்டார ஆஸ்பத்திரிகளில் இரவு பகலாக நியமிக்க வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம். காய்ச்சலோடு மூச்சிரைப்போ புத்தித் தடுமாற்றமோ கண்டால் தாமதியாமல் 108-ஐ அழைக்குமாறு மக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.